பரங்கி கரையேறிய வழி

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். முதுநகர், சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பேருந்து பி.முட்லூருக்கு வந்து சேரும். அங்கிருந்து இடப்பக்கம் பிரியும் சாலை கடலை நோக்கிப் போகிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் அந்த முனையில்தான் பரங்கிப்பேட்டை.

இந்த ஊருக்கு மூன்று பெயர்கள். தமிழில் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் இட்டு, பின்னால் ஆங்கிலேயரும் எழுதி வந்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறைமுகம். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் தலைநகருக்கும் போர்த்துகீசியர் வைத்த பெயர் இதேதான். முஸ்லிம்களின் வழக்கில் மஹ்மூதுபந்தர். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஆந்திரத்தின் மசூலிப்பட்டினத்தையும் அந்தப் பக்கத்து மக்கள் பந்தர் என்றே சொல்வார்கள். மூன்று பெயர்களில் இரண்டு, துறைமுகத்தைச் சொல்கின்றன. தமிழ்ப் பெயர் மட்டும் கரையில் வந்து இறங்கிய மனிதரைச் சொல்கிறது. பேட்டை என்றால் வணிகர் கூடி வாழும் குடியிருப்பு. பரங்கி யார்? இந்தச் சொல் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாக வந்து, நம் அடுப்படி வரை நுழைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் எழுத்தைப் பார்த்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லை வல்லின றகரத்தோடு பறங்கி என்று தருகிறது. ஊர்ப் பலகையிலும் அரசு ஏட்டிலும் இடையின ரகரம். பேச்சில் இரண்டையும் பிரித்து ஒலிக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் மங்கிவிட்டதால், எழுத்தில் இரண்டும் புழங்குகின்றன. இரண்டும் ஒரே சொல்தான். பொதுச்சொல்லைப் பறங்கி என்றும், ஊரையும் காயையும் வழக்கப்படி ரகரத்திலும் எழுதுகிறேன்.

சொல்லின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. ரைன் ஆற்றங்கரையிலிருந்து பரவிய ஜெர்மானியக் குழு ஒன்றின் பெயர் பிராங்க். அவர்கள் ஆண்ட நாடு பிரான்ஸ் என்றாயிற்று. 1096-க்குப் பிறகு சிலுவைப் போர்களில் மேற்கு ஐரோப்பியர் திரளாகக் கிழக்கே வந்தபோது, அரபு மக்கள் அவர்களில் இன்னார் இன்ன நாட்டார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோரும் பிராங்குகளே. அரபு வாயில் அது இஃப்ரஞ், ஃபரஞ் என்றும், பாரசீக வாயில் ஃபரங் என்றும் ஆயிற்று. ஃபரங் நாட்டான் ஃபரங்கி. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் பல நாட்டு மாலுமிகள் பேசிய கலப்பு மொழிக்கு லிங்குவா பிராங்கா என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான்: பிராங்குகளின் மொழி. தாய்லாந்தில் இன்றும் வெள்ளையர் ஃபராங். பினாங்குத் தீவில் பத்து ஃபெரிங்கி என்றொரு கடற்கரை. மிங் காலத்துச் சீனர் போர்த்துகீசியரை ஃபோலாங்ஜி என்றார்கள். இந்தியப் பெருங்கடலின் கரைகள் நெடுக ஒரே சொல் துறைக்குத் துறை உடை மாற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.

தமிழுக்கு இது எந்த வழியில் வந்தது? விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரபு வடிவத்தில் ஜகரம் இருக்கிறது. நேரே அங்கிருந்து வந்திருந்தால் பறஞ்சி என்று ஆகியிருக்கும். பாரசீக வடிவத்தில் ககரம். நம்மிடம் இருப்பது பறங்கி. ஆகவே பாரசீக வடிவத்தைப் புழங்கிய கடல் வணிகர் வாய்வழியாகவே வந்தது என்று கொள்வது பொருந்தும். பந்தர் வந்த வழியும் அதுவே. ஃபகரம் தமிழில் இல்லாததால் பகரமாயிற்று. ஐரோப்பியர் தங்கள் பெயரைத் தாங்களே இங்கே கொண்டுவந்து தரவில்லை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அவரைக் குறிக்க ஒரு சொல் இந்தக் கடலில் தயாராக இருந்தது.

சொல்லாராய்ச்சியில் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. திருப்பரங்குன்றத்தில் வரும் பரங்கு பறங்கியோடு சேராது. பரங்குன்றம் சங்க நூல்களிலேயே வருகிறது. இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே இன்னொரு சான்று. கடலூர் புதுநகரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர். பாதிரி என்றதும் கிறித்தவக் குருமார் நினைவு வரும். அந்தப் பாதிரி, போர்த்துகீசியரின் பாத்ரே. ஊர்ப்பெயரில் உள்ளது பாதிரி மரம், பாடலீசுவரர் கோயிலின் தலமரம். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரைசேர்ந்ததாகப் போற்றப்படும் தலம் அது. போர்த்துகீசியர் வருவதற்கு எண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை அதற்கு. வேறு வேறு வேரிலிருந்து முளைத்த இரு சொற்கள் ஒரே உருவில் ஒரே ஊரில் நிற்கின்றன.

பறங்கிக்கு நேர் உறவுள்ள சொல் ஒன்றும் கடலூரில் உண்டு. அது பீரங்கி. ஃபிரங்கி என்ற வடிவம் ஐரோப்பியரின் பெருந்துப்பாக்கிக்குப் பெயராகி, இந்துஸ்தானி வழியாகத் தமிழில் பீரங்கி ஆயிற்று. சீன மொழியிலும் ஃபோலாங்ஜி என்பது ஆளுக்கும் பெயர், அவர்கள் கொண்டுவந்த பீரங்கிக்கும் பெயர். தேவனாம்பட்டினத்தில் கெடிலக் கரையில் இருந்த கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. விற்பனைப் பேச்சின்படி, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் கம்பெனிக்குச் சொந்தம். எல்லாத் திசையிலும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நின்றது. 1781 ஜூலை 1-ஆம் தேதி, பரங்கிப்பேட்டையருகே ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. 1783-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கினார், அந்த ஆண்டே கடலூர் முற்றுகை. ஒரே வேரில் பிறந்த பறங்கியும் பீரங்கியும் இந்தக் கரையில் சேர்ந்தே நடந்த காலம் அது.

பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துகீசியர் வந்தது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது இந்தப் பகுதி செஞ்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் அரசுப் படையாக வரவில்லை, தனி வணிகராக வந்து தங்கினார்கள். பின்னால் டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். ஆனால் முதலில் வந்தவரின் அடையாளம்தான் ஊரின் தமிழ்ப் பெயரில் தங்கியது.

அந்தப் பெயரில் அன்று மரியாதை இல்லை. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்ற பொருள் ஏறியிருந்தது. மதுரையில் பாதிரிமார் கிறித்தவத்தில் சேர்வதையே பறங்கிக் குலத்தில் சேர்வது என்று சொல்லிவந்ததால், அந்த மதத்தை ஏறிட்டுப் பார்க்கவே மக்கள் தயங்கினார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான ராபர்ட் டி நொபிலி முதலில் செய்த வேலை, இந்தச் சொல்லைத் தன் மேலிருந்து உதறியதுதான். காவி உடுத்தினார், மரக்கறி மட்டும் உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தான் பறங்கி இல்லை என்று ஊரறிய எழுதி அறிவித்தார். ஒரு சொல்லின் கறை ஒரு மனிதரின் முழு வாழ்க்கைமுறையையே மாற்றியது.

நோயும் இந்தப் பெயரில் ஏறிக்கொண்டது. மேகநோய் தமிழில் பறங்கிப்புண். 16-ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசம் அதைப் பிரங்க ரோகம் என்கிறது. துருக்கி மொழியிலும் அந்த நோய்க்குப் பெயர் ஃப்ரெங்கி. இலங்கையில் இன்னொரு தோல்நோயைப் பறங்கி என்றார்கள். சித்த மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை, அந்தப் புண்ணுக்கு மருந்தாகப் போர்த்துகீசியர் சீனத்திலிருந்து கொண்டுவந்து பரப்பிய ஒரு கொடியின் கிழங்கு. நோய்க்கும் அவன் பெயர், மருந்துக்கும் அவன் பெயர்.

இதுவரை வந்தது பகையின் கதை. சொல் அடுப்படிக்குள் நுழைந்த பிறகு கதை வேறாகிறது.

பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் கொடி. கொலம்பஸுக்கு முன் ஆசியாவில் அது இல்லை. போர்த்துகீசியக் கப்பல்களில் வந்தது, ஆகவே பறங்கியின் காய். தமிழ்நாட்டில் எல்லா இடத்திலும் இந்தப் பெயர் இல்லை. கொங்குப் பகுதியில் அது அரசாணிக்காய். தெற்கே மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. கடலூர், சிதம்பரம், தஞ்சாவூர்ப் பக்கங்களில் பரங்கிக்காய்தான் உறுதியாக நிற்கிறது. கப்பல் வந்த கரைகளை ஒட்டிய ஊர்களில் இந்தப் பெயர் வேரூன்றி நிற்பது கவனிக்க வேண்டியது.

மார்கழி மாதம் இந்த ஊர்களின் தெருக்களைப் பார்க்க வேண்டும். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணத்தைப் பிள்ளையாராகப் பிடித்து வைத்து, அதன் உச்சியில் ஒரு பரங்கிப்பூவைச் செருகுவார்கள். பூ கருக்கலில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதனால் மார்கழி விடியலுக்கு அதைவிடப் பொருத்தமான பூ இல்லை. கையகல மஞ்சள் இதழ், நடுவில் மகரந்தம் ஒட்டிய தண்டு, காம்பில் மெல்லிய சுணை. மாலையில் பூவோடு சேர்த்தே வறட்டி தட்டுவார்கள். கடல் கடந்து வந்த கொடியின் பூ பிள்ளையாரின் தலையில் ஏறிய இந்தக் காட்சியைவிடப் பெரிய ஏற்பு எதுவும் இருக்க முடியாது.

அதே மார்கழியில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். சிவனடியார் சேந்தனாரின் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் களியும், உடன் பல காய்கறி சேர்ந்த கூட்டும் வீடுதோறும் உண்டு. அந்தக் கூட்டில் வாழைக்காய், அவரை, சேப்பங்கிழங்கோடு பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் விழும். பின்னவை இரண்டும் அமெரிக்கச் சரக்கு. நடராசர் கோயில் நிவேதனமான சம்பா சாதத்துக்குக் காரம் தருவது மிளகு. அதோடு சேரும் கத்திரிக்காய் கொத்சுவில் சுட்ட கத்திரிக்காயும் புளியும் மிளகாய் வற்றலும் சேர்கின்றன. மிளகு இந்த நிலத்தின் பழைய காரம், மிளகாய் கப்பலில் வந்த புதுக் காரம். மலையாளத்தில் மிளகாய்க்குப் பறங்கிமுளகு என்ற பெயரும் உண்டு. நாம் அதை மிளகு போலக் காரமுள்ள காய் என்று நம் சொல்லாலேயே அழைத்துவிட்டோம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி மண்ணில் காடாக வளர்ந்திருக்கும் முந்திரியும் மலையாளத்தில் பறங்கிமாவு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் அந்தத் தோப்புகள் சாய்ந்தபோது கடலூர் மாவட்டத்தார் சொத்து போனதாக அழுதார்கள். வந்தேறி மரம் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை.

இன்று சந்தையில் காய்கறியைப் பிரிக்கும்போது கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் ஆகியவை இங்கிலீஷ் காய். பரங்கிக்காய் நாட்டுக்காய். பெயரிலேயே அந்நியனைச் சுமந்த காய், நாட்டுக்காய்ப் பட்டியலில் ஏறிவிட்டது. பால் விட்டுச் செய்யும் பரங்கிக்காய்க் கூட்டைப் பரிமாறும்போது யாரும் போர்த்துகலை நினைப்பதில்லை. சொல்லின் பகை ஆறியது அறிவுரையால் இல்லை. சேர்ந்து உண்டதால் ஆறியது.

இதே வகையான வரலாறு இன்னொரு கடற்கரைப் பெயருக்கும் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சதுப்பு நிலக் கரைகளில் வாழும் கேஜன் மக்கள், மூலத்தில் கனடாவின் கிழக்குக் கரையில் அக்காதி என்ற பகுதியில் குடியேறிய பிரெஞ்சு உழவர்கள். 1755-இல் ஆங்கிலேயர் அவர்களைக் கப்பலேற்றித் துரத்தினார்கள். பல ஆண்டு அலைந்து, 1760-களிலிருந்து லூசியானாவில் வந்து சேர்ந்தார்கள். அக்காதியன் என்ற பெயரில் முதல் அகரம் உதிர்ந்து காதியன் ஆயிற்று. தியன் என்பது ஜன் என்று குழைந்து கேஜன் ஆயிற்று. இகர ஒலியின் அருகே பல்லில் பிறக்கும் தகரம் அண்ணத்துக்கு ஏறி, சகர ஜகரமாக மாறும் இந்த வழக்கம் நமக்குப் பழகியதே. அடித்தான் என்பது அடிச்சான் ஆவதும், ஐந்து என்பது அஞ்சு ஆவதும், வித்யாதரர் பழந்தமிழில் விஞ்சையர் ஆனதும் இதே நாக்கின் வேலை.

கேஜன் என்பதும் ஏளனச் சொல்லாகவே புழங்கியது. 1921-இன் லூசியானா அரசமைப்புச் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டும் என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடிபட்டார்கள். 1968-இல் அதே மாநில அரசு பிரெஞ்சு மொழியைக் காக்க அமைப்பு ஒன்றை நிறுவியது. இன்று அந்தப் பெயரை அவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அங்கேயும் பெயரைக் கழுவியவை சமையலும் இசையும். இறாலும் நண்டும் சேர்த்துச் சோற்றோடு உண்ணும் கம்போ என்ற குழம்பின் பெயர், ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அண்டையில் வாழும் கறுப்பினக் கிரியோல் மக்களின் இசைக்குப் பெயர் ஸைடிகோ. பிரெஞ்சில் அவரை வகையைக் குறிக்கும் லெ ஸரிக்கோ என்ற ஒலிப்பிலிருந்து அது பிறந்ததாகச் சொல்வார்கள். கேஜன் இசையில் பிடிலும் அக்கார்டியனும் முக்கியம். தாளத்துக்கு, வைக்கோல் வாரும் கருவியின் பழைய இரும்புப் பற்களை வளைத்து முக்கோணம் செய்துகொண்டார்கள்.

பரங்கிப்பேட்டையின் அன்னங்கோயில் மீன்துறையில் விசைப்படகுகள் வந்து நிற்கும் நேரத்தில் கூடைகளில் இறாலும் நண்டும் கொடுவாவும் இறங்குவதைப் பார்த்தால், அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் உள்ள நெருக்கம் புரியும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகம், சேற்றில் வளை தோண்டும் நண்டு, சோறு, காரம். தெற்கே கிள்ளை தாண்டினால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரம் இன்று நிற்பது இந்தக் காட்டில்தான். ஊரில் பெயர் இருக்கிறது, மரம் கழிமுகத்தில் இருக்கிறது.

இசையிலும் பறங்கியின் சரக்கு நம்மோடு கலந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையருகே மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். நம்மவர் அதைத் தோளில் தூக்கி நிறுத்தவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைப் பாதத்திலும் ஊன்றிக்கொண்டார்கள். கை தாங்கும் சுமை போனதால் விரல் தந்தியில் இழுத்து வழுக்கிக் கமகம் பேசியது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடி, தமிழ்ப் பாட்டு மேடையேற வேண்டும் என்று குரல் கொடுத்தபோது, வெளியேற்றப்பட வேண்டிய கருவியாக யாரும் வயலினைச் சொல்லவில்லை. தமிழில் கீர்த்தனை இயற்றிய முத்துத்தாண்டவர் பாட்டுக்கும் மாரிமுத்தா பிள்ளை பாட்டுக்கும் அது துணை நின்றது. அந்த மாரிமுத்தா பிள்ளை சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன்காரர்.

பறங்கி என்ற சொல்லின் கடைசித் துறை கடலுக்கு அப்பால் மட்டக்களப்பு. 1505-இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரின் வழிவந்தவர்கள், அங்கே தமிழரோடு கலந்து, போர்த்துகீசியக் கிரியோல் மொழி பேசி, இன்றும் ஒரு சமூகமாக வாழ்கிறார்கள். இலங்கைத் தமிழில் அவர்கள் பறங்கியர். அவர்கள் திருமணங்களில் ஆடும் ஆட்டத்துக்குக் கஃப்ரிஞ்ஞா என்று பெயர். வயலின் இசைக்கும், ரபானா அதிரும், இணை இணையாக ஆடுவார்கள். இலங்கை முழுவதும் பரவிய பைலாவும் ஆடுதல் என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் விருந்தில் வைக்கும் லவ் கேக்கில் ரவையோடு அரைத்த முந்திரி சேரும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி தேவனாம்பட்டினத்தையும் பிச்சாவரத்து எம்.ஜி.ஆர். திட்டையும் அடித்த அதே ஆழிப்பேரலை, மட்டக்களப்பில் பறங்கியர் வாழ்ந்த டச்சு பார் பகுதியையும் அடித்துச் சென்றது. கடலுக்கு இருவரும் ஒரே கரையார்.

இந்தச் சொல் கடந்துவந்த படிகள் தெளிவானவை. ரைன் கரையில் ஒரு குழுவின் பெயர். அரபு நிலத்தில் எதிரியின் பெயர். நம் கரையில் தீண்டத் தயங்கிய அந்நியனின் பெயர், அவன் பீரங்கியின் பெயர், அவனோடு வந்த நோயின் பெயர். பின் ஒரு பேட்டையின் பெயர், காயின் பெயர், பூவின் பெயர். கடைசியில், நாங்கள் இன்னார் என்று ஒரு சமூகம் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்.

போர்ட்டோ நோவோ என்ற பெயர் இன்று பழைய ஏடுகளில் மட்டும் இருக்கிறது. பரங்கிப்பேட்டை நிலைத்தது. அந்தப் பெயரில் ஊரார் கூச வேண்டியது எதுவும் இல்லை, ஏனென்றால் அதை வைத்தவர் பறங்கியர் இல்லை, நாம். வந்தவனைப் பார்த்து நாம் சொன்ன சொல் அது. முதலில் முகம் சுளித்துச் சொன்னோம். நானூறு ஆண்டுக்கு மேல் சந்தையிலும் அடுப்படியிலும் கோலத்திலும் சொல்லிச் சொல்லி அதைத் தமிழாக்கினோம். இந்தக் கரையின் மீன்பெயர், படகுச் சொல், சமையல் சொல் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட வழித்தடங்கள் இருக்கின்றன. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் உள்ள முதியோரிடம் அவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையை நம் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இப்போதே கையிலெடுக்க வேண்டும். இந்தக் கரை யாரையெல்லாம் ஏற்றுக்கொண்டது என்ற கணக்கு அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.